கடிதம் யார் பெயருக்கு வரும்?

இந்த வருடப் பொங்கல் விழா முடிந்ததும், சர்க்கரைப் பொங்கல் வைத்த அண்டாவை நானும் புதிதாக வந்திருந்த ஒரு மாணவனும் சேர்ந்து தேய்த்துக்கொண்டிருந்தோம். வாடகைக்கு எடுத்த கூடத்தின் சமையலறைத் தொட்டி ரொம்பச் சின்னது, அண்டா உள்ளேயே போகாது. அவன் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, நான் அடிப்பிடித்ததைச் சுரண்டினேன். ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்றான். வங்கிக் கணக்கு, காப்பீடு, முகவரிப் பதிவு என்று எல்லோரும் கேட்பதைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, படம் இறக்கினா வக்கீல்கிட்ட இருந்து லெட்டர் வரும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. ஆனா அனானிமஸ் நெட்வொர்க்னு இருக்குல்ல, அதுல போனா யாருன்னே தெரியாதே. அப்ப பிரச்சனை இல்லல்ல?" என்று கேட்டான்.

"வேண்டாம் தம்பி" என்று மட்டும் சொன்னேன். அவனும் தலையாட்டினான். பெரியவர்கள் எதையாவது சொன்னால் நாம் மரியாதைக்கு ஆட்டுவோமே, அப்படி. அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தலையாட்டல் என்னை விடவில்லை. அவன் கேட்டது சரியான கேள்வி. அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னது என் சோம்பல். ஏன் வேண்டாம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கடிதம். அந்தக் கதையைச் சொல்லாமல் பதிலைச் சொல்ல முடியாது.

2018 நவம்பரில் நான் கெம்னிட்ஸில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். மூன்று அறை வீடு. நாங்கள் மூன்று பேர், மூவருமே தமிழ்நாடு. எனக்குத்தான் முதலில் வங்கிக் கணக்கு கிடைத்தது, கொஞ்சம் ஜெர்மனும் வரும் என்பதால் வாடகை, மின்சாரம், இணையம் எல்லா ஒப்பந்தமும் என் பெயரில் போட்டாயிற்று. மாதம் பிறந்தால் மற்ற இருவரும் பங்குப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். தபால் பெட்டியில் ஒரு காகிதத் துண்டில் மூன்று பெயர்களையும் எழுதி ஒட்டியிருந்தோம். வெயிலில் வெளுத்து, கீழே இருந்த இரண்டு பெயர்கள் பாதி அழிந்துபோயிருந்தன.

கடிதம் சாதாரணத் தபாலில்தான் வந்தது. உறை மட்டும் தடிமன். இந்த ஊர் வழக்கப்படி 'ஃப்ராவ்' என்று போட்டு அதன் பின்னால் என் அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைத்தானே நிரப்புகிறோம். வாழ்க்கையில் ஒரு முறைகூட டாரன்ட் என்ற சொல்லைக் கேட்டிராத, மதுரையில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதரின் பெயர், ஒரு சட்ட அலுவலகத்தின் எச்சரிக்கைக் கடிதத்தில். இதற்கு இங்கே 'அப்மானுங்' என்று பெயர். வழக்குப் போடுவதற்கு முன்னால் உரிமைதாரர் சார்பில் வக்கீல் அனுப்புவது. செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு 10 மணி 14 நிமிடம் 37 விநாடிக்கு, எங்கள் வீட்டு இணைப்பின் ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண் அது), ஒரு ஹாலிவுட் படம் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டிருக்கிறது என்று இருந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. விநாடி வரைக்கும் எழுதியிருந்தார்கள். படத்தின் பெயர், கோப்பின் அடையாள எண், எந்த நீதிமன்ற ஆணையின் பேரில் இணைய நிறுவனத்திடம் என் முகவரியை வாங்கினார்கள் என்ற விவரம், எல்லாம் இருந்தது. இனி இப்படிச் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, 915 யூரோவும் கட்ட வேண்டும். பத்து நாள் கெடு. அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 யூரோ 84 சென்ட். ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை எனக்கு. நூறு மணி நேரத்துக்கு மேல் அடுக்கினால்தான் அந்தப் பணம் வரும்.

அந்தச் சனிக்கிழமை இரவு 10 மணிக்கு நான் அந்தக் கிடங்கில்தான் இருந்தேன். செல்போனைக்கூட லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

"பாக்கத்தான் செஞ்சேன்க்கா"

வீட்டில் இருந்த மற்ற இருவரில் ஒருவன் என்னைவிட மூன்று வயது சின்னவன். கரூர்ப் பக்கம். நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். கடிதத்தைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு யாரிடமும் எதுவும் கேட்காமல் என் அறைக்குப் போய்விட்டேன். கேட்க எனக்குப் பயமாக இருந்தது. இரவு பதினோரு மணிக்கு அவனே கதவைத் தட்டினான். முகமெல்லாம் வெளிறிப்போய், "அக்கா, சத்தியமா நான் டவுன்லோடே பண்ணலக்கா. ஒரு ஆப்ல பாக்கத்தான் செஞ்சேன். யூடியூப் மாதிரி ஓடுச்சு. ஹார்ட் டிஸ்க்ல எதுவும் இல்ல, வேணும்னா பாருங்க" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. அவனுக்குத் தெரிந்த உண்மை அதுதான். அந்த மாதிரிச் செயலிகள் வெளியே பார்க்கத்தான் வீடியோ தளம், உள்ளே ஓடுவது டாரன்ட். படத்தைத் துண்டு துண்டாக ஊரெல்லாம் இருக்கும் கணினிகளிலிருந்து வாங்கிக்கொண்டே, வாங்கிய துண்டுகளை அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டும் இருக்கும். பார்ப்பவனுக்கு அது தெரியாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம், சேர்ந்தவுடன் மற்றவர்களின் ஐபி முகவரிகள் வரிசையாகத் தெரியும். உரிமைதாரர்கள் வேலைக்கு வைத்திருக்கும் கண்காணிப்பு நிறுவனங்களும் அதே கூட்டத்தில் சேர்ந்து, ஒரு துண்டை வாங்கிப் பார்த்து, முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொள்கின்றன. திருட்டுத்தனமாக உளவு பார்க்கத் தேவையே இல்லை. கதவு திறந்துதான் கிடக்கிறது.

ஜெர்மன் சட்டத்தின் கண்ணில் பெரிய தப்பு படம் பார்த்தது இல்லை, கொடுத்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஏ பிரிவு, ஒரு படைப்பைப் பொதுமக்கள் எடுத்துக்கொள்ளும்படி வைக்கும் உரிமை படைத்தவருக்கு மட்டுமே என்கிறது. "நான் கொடுத்தது ஒரு சின்னத் துண்டு, அதை வைத்துப் படமே ஓடாதே" என்ற வாதத்தையும் கார்ல்ஸ்ரூஹவில் இருக்கும் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தள்ளிவிட்டது. எல்லோரும் சேர்ந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்து முழுப் படத்தையும் ஆக்குகிறார்கள், ஆகவே எல்லோரும் சேர்ந்து செய்த மீறல் அது என்றார்கள். 2021 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றமும், துண்டு தனியாகப் பயன்படுமா இல்லையா என்பது முக்கியமில்லை என்று சொல்லிவிட்டது. தேரை இழுக்கிறவர்களில் ஒருவர் மட்டும் "என் கை பட்டதால் மட்டுமா நகர்ந்தது" என்று கேட்க முடியாது இல்லையா, அது மாதிரி.

சரி, இதெல்லாம் நான் பிறகு படித்தது. அன்றிரவு நான் தம்பிக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். விசா போய்விடுமா என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். அவன் அப்பா கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லித் தூங்க அனுப்பினேன்.

தெரிந்துகொண்டதால் மாறியது

மறுநாள் மாணவர்களுக்கான இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு வக்கீல் அம்மா. கடிதத்தை நிதானமாகப் படித்தார். இது சிவில் விவகாரம், போலீஸ் வழக்கு இல்லை, விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முதலில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கே நான் அழுதுவிட்டேன். பிறகு அவர்கள் அனுப்பிய படிவத்தில் அப்படியே கையெழுத்துப் போடக் கூடாது, அது குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் முழுக்கக் கட்டுப்படுவதாக ஆகிவிடும் என்றார். கெடுவைத் தவறவிடவும் கூடாது. இணைப்புக்குச் சொந்தக்காரர் என்பதாலேயே நான்தான் செய்தேன் என்று முதலில் ஊகிப்பார்கள். அந்த ஊகத்தை உடைக்க, வீட்டில் வேறு யாரெல்லாம் இருந்தார்கள், யாருக்கெல்லாம் வைஃபை கடவுச்சொல் தெரியும் என்று நான் சொன்னால் போதும். செய்தவரைக் கண்டுபிடித்துக் கொடுப்பது என் வேலையில்லை. வயது வந்த விருந்தாளிகளையும் அறைத்தோழர்களையும் காரணமில்லாமல் சந்தேகப்பட்டு எச்சரிக்க வேண்டிய கடமையும் எனக்கில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து விருந்துக்கு வந்த உறவுப் பெண் படம் இறக்கிய வழக்கில் அந்த வீட்டு அம்மாவை 2016 மே மாதத்தில் நீதிமன்றம் விட்டுவிட்டது என்று உதாரணமும் சொன்னார்.

அப்பாடா என்றிருந்தது. அப்புறம் அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "யார் செய்தது என்று உங்களுக்குத் தெரியுமா?"

நான் பேசாமல் இருந்தேன். அவரும் பதிலுக்கு அவசரப்படுத்தவில்லை. தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லலாம். தெரிந்தும் தெரியாது என்று நீதிமன்றத்தில் சொல்லக் கூடாது என்று மெதுவாக விளக்கினார். 2017 மார்ச்சில் ஒரு தீர்ப்பு. மியூனிக்கில் ஒரு தம்பதி, வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேர். அதில் ஒரு பிள்ளை ஒரு பாட்டுத் தொகுப்பைப் பகிர்ந்துவிட்டது. எந்தப் பிள்ளை என்று பெற்றோருக்குத் தெரியும், ஆனால் பெயரைச் சொல்லமாட்டோம் என்று நின்றார்கள். காட்டிக்கொடுக்க யாரும் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் சொல்லாவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 3,500 யூரோவுக்கு மேல் கட்ட வேண்டிவந்தது. அரசியல் சாசனமே காக்கும் குடும்ப உறவுக்கே இவ்வளவுதான் என்றால், அறைத்தோழனுக்கு என்ன இருக்கிறது?

அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் மாலைவரை நான் மனசாரத் தெரியாது என்று சொல்லியிருக்க முடியும். இரவு பதினோரு மணிக்கு ஒரு பையன் நேர்மையாக வந்து கதவைத் தட்டி உண்மையைச் சொன்ன அந்த நிமிடத்தில் என் நிலை மாறிவிட்டது. அவன் மறைத்திருந்தால் நான் பத்திரமாக இருந்திருப்பேன். இதை இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை. சட்டம் கேட்டது "நீ யார், ஒளிந்திருந்தாயா" என்பதை அல்ல. உனக்கு என்ன தெரியும், தெரிந்தபின் என்ன செய்தாய் என்றுதான் கேட்டது. அதன் பிறகு இந்த விவகாரத்தில் நான் படித்த ஒவ்வொரு வழக்கையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் படித்தேன்.

யாருக்கும் எதுவும் தெரியாத வலை

இனி பொங்கல் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். டாரன்ட் அநாமதேயமே கிடையாது. அவன் கேட்டது வேறு. ஃப்ரீநெட் (2023 முதல் அதன் பெயர் ஹைஃபாநெட்), ஐ2பி, ரெட்ரோஷேர் போல, அடையாளத்தை மறைக்க என்றே கட்டிய வலைகள். இவற்றில் கோப்பு நேராக உங்களிடம் வராது. கைமாறிக் கைமாறி வரும். நடுவில் இருப்பவருக்குத் தன் கணினி வழியாக என்ன போகிறது என்று தெரியாது, எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கும். ஃப்ரீநெட்டில் உங்கள் வட்டிலேயே அடுத்தவர்களின் துண்டுகள் பூட்டிய பெட்டிகளாகத் தங்கியிருக்கும், உள்ளே என்ன என்று திறந்து பார்க்க உங்களிடம் சாவி இருக்காது. அரசுக்கு எதிராக எழுதுகிறவர்களுக்கும், தணிக்கைக்கு அஞ்சி வாழ்கிறவர்களுக்கும் இந்தக் கட்டமைப்பு உயிர்க்காப்பு. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். எல்லோருமே எல்லோருக்காகவும் சுமக்கிறார்கள், எதைச் சுமக்கிறோம் என்று தெரியாமலே.

2012 செப்டம்பரில் ஹாம்பர்க் மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தது அப்படி ஒரு வழக்கு. ரெட்ரோஷேரில் நீங்கள் நண்பர் என்று ஏற்றுக்கொண்டவர்களோடு மட்டும்தான் நேரடித் தொடர்பு. அவர்களுக்கு மட்டும்தான் உங்கள் ஐபி முகவரி தெரியும். நண்பரின் நண்பர், அவருக்கும் நண்பர் என்று சங்கிலியாகக் கோப்புகள் நகரும். ஒருவருடைய கணினி வழியாக, அவருக்கே தெரியாமல், ஒரு பாட்டுக் கோப்பு கடந்துபோயிருக்கிறது. பாட்டை வைத்திருந்தவர் அவரில்லை, கேட்டவரும் அவரில்லை. அவர் இடையில் இருந்த கண்ணி. ஆனால் உரிமைதாரர் தரப்புக்குத் தெரிந்த ஒரே முகவரி அவருடையது. நீதிமன்றம் அவர்மேல் இடைக்காலத் தடை ஆணை போட்டது. ஜெர்மன் சட்டத்தில் 'ஸ்டோரர்' என்று ஒரு கருத்து உண்டு. மீறலை நீ செய்யாவிட்டாலும், உன்னால் தடுக்க முடிந்தும் தடுக்காமல் இடம் கொடுத்தால் உன்னை நிறுத்தச் சொல்லலாம். உள்ளே என்ன போகிறது என்று பார்க்கவே முடியாத ஒரு மென்பொருளை நீயாகத் தேர்ந்தெடுத்து ஓட்டினாய், யாரை நண்பராகச் சேர்ப்பது என்பதும் உன் கையில்தானே இருந்தது என்பதே வாதத்தின் சாரம். இந்த மாதிரித் தடை ஆணையை மீறினால் 2,50,000 யூரோ வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை.

இந்த வழக்கைப் படித்த அன்று நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்தத் தீர்ப்பு நியாயமாகப் படவில்லை, இப்போதும் படவில்லை. தபால்காரர் உறையைப் பிரித்துப் படிக்காததுதானே நமக்கு நல்லது? ஆனாலும் அந்தப் பொங்கல் தம்பிக்கு நான் சொல்ல வேண்டியது இதில்தான் இருக்கிறது. அவனுடைய கற்பனையில் அநாமதேய வலை என்பது முகமூடி. அதைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் முகம் தெரியாது. நடப்பது வேறு. சங்கிலியின் ஒரு முனையில் யாரோ ஒருவரின் முகவரி எப்போதும் வெளியே தெரிந்துகொண்டுதான் இருக்கும். படம் கேட்டவர் பத்திரமாக இருக்கலாம். கடிதம், வெளியே தெரிந்த அந்த முகவரிக்குப் போகும். நாளைக்கு வேறொருவர் கேட்கும்போது அந்த முகவரி உன்னுடையதாக இருக்கும்.

நம் இணைப்பைப் பல கணினிகள் வழியாகச் சுற்றவிட்டு முகவரியை மறைக்கும் டோர் வலையைச் சிலர் சொல்வார்கள். டாரன்ட்டை டோர் வழியாக ஓட்டினால் உங்கள் உண்மையான முகவரி பல வழிகளில் கசியும் என்று டோர் திட்டத்தினரே 2010லேயே எழுதி எச்சரித்துவிட்டார்கள். கசியாவிட்டாலும், கடைசியில் வெளியேறும் கணினியை யாரோ ஒரு தன்னார்வலர் ஓட்டுகிறார். 2018 ஜூலையில் கார்ல்ஸ்ரூஹவுக்கு வந்த வழக்கில் பிரதிவாதி இப்படித்தான், திறந்த வைஃபை இணைப்புகளும் டோர் வெளியேற்றக் கணினிகளும் நடத்தியவர். அவர் இணைப்பிலிருந்து ஒரு கணினி விளையாட்டு பகிரப்பட்டிருந்தது. அதற்கு முந்தின ஆண்டுதான், 2017 அக்டோபரில், இணைப்பை மற்றவருக்குத் திறந்துவிடுகிறவர்களை இந்த ஸ்டோரர் பொறுப்பிலிருந்து விடுவித்துச் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. அதனால் எதிர்காலத் தடை அவர்மேல் நிற்கவில்லை. ஆனால் மீறல் நடந்தது பழைய சட்டக் காலத்தில் என்பதால் எச்சரிக்கைக் கடிதச் செலவை அவர்தான் ஏற்க வேண்டியிருந்தது. குறிப்பிட்ட உள்ளடக்கத்தை அடைக்கச் சொல்லி அவரிடம் கேட்கலாமா என்ற கேள்வியும் கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனது. தன்னலம் இல்லாமல் ஒரு வசதியைத் திறந்துவைத்தவர், வருடக்கணக்காக நீதிமன்றப் படி ஏறினார். அந்த விளையாட்டை இறக்கியவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

ஜப்பானில் ஒருவர்

இதைப் பேசும்போது இசாமு கானேகோவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளர். 2002 மே மாதம் வின்னி என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார். ஃப்ரீநெட்டின் எண்ணத்தை எடுத்துக்கொண்டு வேகமாக்கியது அது. துண்டுகள் மறையாக்கத்தோடு எல்லோருடைய கணினியிலும் தங்கித் தங்கி நகரும், யார் முதலில் போட்டது என்று கண்டுபிடிப்பது கடினம். ஜப்பானில் காட்டுத்தீயாகப் பரவியது. யாருக்கும் தெரியாது என்று நம்பித்தான் எல்லோரும் பயன்படுத்தினார்கள். 2003 நவம்பரில் கியோட்டோ காவல்துறை, படமும் விளையாட்டும் பகிர்ந்த இருவரைக் கைது செய்தது. அடுத்த மே மாதம் கானேகோவையே கைது செய்தது, மீறலுக்கு உடந்தை என்று.

2006 டிசம்பரில் கியோட்டோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 15 லட்சம் யென் அபராதம் விதித்தது. 2009 அக்டோபரில் ஒசாகா உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 டிசம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கேயும் கேள்வி அதேதான்: அவருக்கு என்ன தெரிந்திருந்தது? ஒரு கருவியைச் சிலர் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்று பொதுவாகத் தெரிந்திருப்பது போதாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். ஏழரை வருடம் வழக்கில் போனது. 2013 ஜூலையில், 42 வயதில், மாரடைப்பில் இறந்துபோனார். திறமையான ஒரு மனிதர் தன் நல்ல வயதை நீதிமன்ற வராந்தாவில் கழித்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வின்னியில் இன்னொரு கொடுமையும் நடந்தது. அதைப் பயன்படுத்தியவர்களின் கணினிகளில் ஆன்டின்னி என்ற வைரஸ் புகுந்து, அவர்களுடைய சொந்தக் கோப்புகளையும் அதே வலையில் போட்டுவிட்டது. போலீஸ் ஆவணம், ராணுவ ஆவணம், வீட்டுப் புகைப்படம் எல்லாம் வெளியே போயின. 2006 மார்ச்சில், அப்போது அமைச்சரவைத் தலைமைச் செயலராக இருந்த ஷின்சோ அபே, தயவுசெய்து வின்னியைப் பயன்படுத்தாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. வலையில் போட்டதைத் திரும்பப் பெற யாராலும் முடியவில்லை. யார் பரப்புகிறார்கள் என்று தெரியாத வலையில், யாரிடம் போய் அழிக்கச் சொல்வது? பாட்டை மறைவாக எடுத்தவர்கள், தங்கள் வீட்டுப் படம் பறிபோனபோது முறையிட ஆளில்லாமல் நின்றார்கள்.

மாமாவின் நோட்டு

உரிமைதாரர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதுரையில் என் மாமா விசிடி வாடகைக் கடை வைத்திருந்தார். ஒரு நீள நோட்டில் பெயர், தெரு, முன்பணம், எடுத்த தேதி என்று அவர் கோடு போட்டு எழுதுவது இப்போதும் கண்ணில் நிற்கிறது. உரிமம் வாங்கிய வட்டுகளை மட்டும்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். இரண்டு கடை தள்ளிப் புதுப்படம் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும். நோட்டில் வரிகள் குறைந்துகொண்டே வந்து, ஒரு பக்கத்தின் பாதியில் நின்றுபோயின. ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனை பேர் கூலி இருக்கிறது என்று அவர் வாயால் கேட்டு வளர்ந்தவள் நான். கோப்புப் பகிர்வே தப்பு என்றும் நான் சொல்லமாட்டேன். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை டாரன்டில் இறக்குவது முழுக்கச் சட்டபூர்வமானது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் மூலை முடுக்கிலிருந்த தமிழர்கள் தட்டச்சு செய்து பகிர்ந்த நூல்களால் உருவானதுதான். பகிரும் உரிமை உள்ளதைப் பகிர்ந்தார்கள், தங்கள் பெயரைப் போட்டே பகிர்ந்தார்கள்.

என் கோபமெல்லாம் இந்தக் கடிதத் தொழில்மேல். உரிமையைக் காப்பது வேறு, பயத்தை விற்பது வேறு. ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் கடிதம் அனுப்பிக் காசு பார்ப்பது இங்கே நாடாளுமன்றத்தையே உறுத்தி, 2013 அக்டோபரில் சட்டம் வந்தது. தனிநபருக்கு வரும் முதல் எச்சரிக்கையில் வக்கீல் கட்டணத்தைக் கணக்கிட, வழக்கின் மதிப்பை 1,000 யூரோவுக்கு மேல் வைக்கக் கூடாது என்று வரம்பு போட்டார்கள். ஆனால் இழப்பீட்டுத் தொகைக்கு அந்த வரம்பு இல்லை. அதனால்தான் 2018லும் எனக்கு 915 யூரோ வந்தது.

எங்கள் கதை முடிந்த விதத்தையும் சொல்கிறேன். வக்கீல் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, தம்பியை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். உன் பெயரைச் சொல்ல எனக்கு மனசில்லை, சொல்லாவிட்டால் என்னால் கட்டவும் முடியாது என்றேன். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க சொல்ல வேணாம்க்கா. நானே எழுதுறேன்" என்றான். அந்த வாரமே அவனும் அதே மேசைக்குப் போனான். வக்கீல் அம்மா உறுதிமொழியைக் குற்ற ஒப்புதல் இல்லாத வாசகத்தில் திருத்தி எழுதிக்கொடுத்து, தொகைக்கும் பேசினார். 450 யூரோவுக்கு இறங்கி வந்தார்கள். மூன்று தவணை. ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவி அவனே கட்டினான். நான் பாதி தருகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. இப்போது ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறான். இணைய ஒப்பந்தம் அவன் பெயரில்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொங்கல் தம்பியை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். சாப்பிட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து அந்தக் கடிதம் இருந்த ஃபைலை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். இந்த ஊரில் யாரும் காகிதத்தைத் தூக்கிப்போடுவதில்லை. கடிதச் செலவுக்கான காலக்கெடு மூன்று வருடம், இழப்பீட்டுக்குப் பத்து வருடம்வரை போகலாம் என்பதால் நானும் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் விரலை வைத்து விநாடிவரை எழுதியிருந்ததைப் படித்தான். பெயரைப் படித்துவிட்டு, "இது யாருக்கா?" என்றான். என் அப்பா என்றேன். ஹாம்பர்க் வழக்கையும் சொன்னேன், வைஃபை திறந்துவைத்தவர் கதையையும் சொன்னேன். இந்த முறை அவன் தலையாட்டவில்லை. ஃபைலை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"எங்க வீட்டுல இன்டர்நெட், அந்தத் தஞ்சாவூர் அண்ணன் பேர்லக்கா" என்றான்.